உங்க நகர்ல பூங்கா இடம் எங்கே?

(திரையில்: மனைப்பிரிவு வரைபடம்)

மனை வாங்கினப்போ கொடுத்த லேஅவுட் நகலை எடுத்து விரிங்க. மனைக்கெல்லாம் நம்பர் இருக்கும். நம்பர் இல்லாம ‘பூங்கா’ன்னு எழுதின கட்டம் ஒண்ணு இருக்கா? அதுதான் ஓஎஸ்ஆர், திறந்தவெளி ஒதுக்கீடு. நேர்ல போய்ப் பார்த்தா பல ஊர்ல அங்க சீமைக் கருவேலமும் இடிச்ச செங்கல்லும்தான் கிடக்கும்.

எவ்வளவு விடணும்? தமிழ்நாட்டில் 2019 கட்டட விதிகள்படி, மனைப்பிரிவோட மொத்தப் பரப்பு 10,000 சதுர மீட்டருக்கு மேல போனா, ரோடு போக மிச்சத்துல 10 சதவீதம். 3,000-லேர்ந்து 10,000 வரைக்கும்னா இடத்துக்குப் பதிலா பணம் கட்டிடலாம். சின்னச் சின்ன நகரா பிரிச்ச ஊர்ல பூங்காவே இல்லாம போறது இப்படித்தான்.

கணக்குப் போடுவோம். 5 ஏக்கர்னா 20,234 சதுர மீட்டர். ரோடு 5,234 போனா மிச்சம் 15,000. பூங்கா 1,500, அதாவது 37 சென்ட். டேப் வச்சு அளந்து பாருங்க. குறைஞ்சா, மூலை வீட்டு காம்பவுண்டையோ கார் ஷெட்டையோ முதல்ல பாருங்க.

(திரையில்: வில்லங்கச் சான்று)

பெரிய ஓட்டை வேற இடத்துல இருக்கு. புரமோட்டர் அந்த இடத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார். ஆனா பட்டாவை யாரும் மாத்தியிருக்க மாட்டாங்க. பழைய பேரே நிக்கும். பல வருஷம் கழிச்சு அந்தப் பேருக்காரரோட வாரிசு வந்து, ‘பட்டா எங்க பேர்ல’ன்னு விப்பாங்க.

அதனால, லேஅவுட் அனுமதி வருஷத்துலேர்ந்து அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்க. பதிவுத்துறை தளத்துல பார்க்கக் காசு கிடையாது. தானப் பத்திர எண் கிடைச்சா, பட்டா யார் பேர்லன்னு ஒப்பிடுங்க. நகராட்சி பேர்ல இல்லைன்னா, பத்திர நகலோட ஆணையருக்கு மனு கொடுங்க. பட்டா மாற்றத்துக்கு அவங்கதான் தாசில்தாருக்கு எழுதணும். பத்திரமே கிடைக்கலையா? 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்துல பொதுத் தகவல் அலுவலரைக் கேளுங்க. 30 நாள்ல பதில் வரணும்.

பூங்கா இடத்தை உள்ளாட்சியே வேற வேலைக்குத் தூக்கிக் கொடுத்தா? பெங்களூர்ல தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கின பூங்கா இடத்தை 1991-ல உச்ச நீதிமன்றம் செல்லாதுன்னுடுச்சு.

ஒரு விஷயம், இது நகர் சங்கத்துக்காரங்களுக்குப் பிடிக்காது. பத்திரம் உள்ளாட்சி பேர்ல, சங்கத்து பேர்ல இல்ல. பக்கத்து நகர்ப் பிள்ளைங்க உள்ள வரக்கூடாதுன்னு கேட்டுக்குப் பூட்டு போட சங்கத்துக்கு உரிமை இல்ல. வேலி போடுறப்பவே அவங்க பக்கமும் ஒரு கேட் வச்சிடுங்க. இல்லைன்னா ஒரே மாசத்துல கம்பியை வளைச்சு அவங்களே வழி பண்ணிக்குவாங்க.