முடுக்கு வாயில்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் தீயணைப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதிக வருஷம் இருந்தது நாகர்கோவிலில்தான். முடுக்குகளில், அதாவது குறுகிய சந்துகளில், வண்டி நிறுத்துவதைப் பற்றிப் பேசுங்கள் என்று வானொலி நிலையத்தார் கேட்டதும், கோட்டாறு பக்கம் ஒரு ராத்திரி என் கண் முன்னால் வந்தது.

ஒரு வீட்டு அடுக்களையில் தீ. சிலிண்டர் உள்ளே இருக்கிறது என்று போனில் சொல்லியிருந்தார்கள். அழைப்பு வந்த கையோடு கிளம்பி, முடுக்கு வாயிலுக்குச் சீக்கிரமே போய்விட்டோம். அங்கே ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. பூட்டியிருக்கிறது, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறது. வீடோ முடுக்கின் கடைசியில். வண்டியை ரோட்டிலேயே நிறுத்தி, ஹோஸ் சுருளை ஒன்றோடொன்று மாட்டி, காரின் பானெட் மேலாகவே இழுத்துக்கொண்டு ஓடினோம். தண்ணீரைத் திறந்ததும் ஹோஸ் விறைத்து, காரின் சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் மடங்கிக்கொண்டது. முன்னால் நிற்கிற பையன் "தண்ணி வரல்ல சார்" என்று கத்துகிறான். அக்கம்பக்கத்து ஆண்கள் எட்டுப் பத்துப் பேர் காரின் பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்கித் தூக்கி, அரையடி அரையடியாகத் தள்ளி வைத்தார்கள். ஆள் சேதம் இல்லை. அடுக்களையும் அதை ஒட்டிய அறையும் போயிற்று. அந்த அறையில் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகங்கள் இருந்தன.

கடைசியில்தான் கார்க்காரர் ஓடி வந்தார். "கல்யாண வீட்டுக்கு வந்தேன் அண்ணே, அரை மணிக்கூர்ல எடுத்திரலாம்னு போட்டேன்" என்றார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. நல்ல மனுஷன்தான். நான் பார்த்தவரை முடுக்கை அடைத்து நிறுத்தினவர்கள் எல்லாருமே நல்ல மனுஷர்கள்தான். அவர்கள் மனதில் அரை மணிக்கூர் கணக்கு இருந்தது, அகலக் கணக்கு இல்லை.

அந்த அகலக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். 10 அடி முடுக்கு என்றால் 3 மீட்டர் சொச்சம். சாதாரணக் கார் ஒன்று ஏறத்தாழ 1.7 மீட்டர் அகலம். சுவரோடு ஒட்டி நிறுத்தினாலும் மீதி 1.3 மீட்டர், அதில் ஆட்டோ நுழையாது. 108 வண்டிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் வேண்டும், எங்கள் வண்டிக்கு அதற்கும் மேலே. வடசேரி, கோட்டாறு, வடிவீஸ்வரம் பகுதிகளின் பழைய தெருக்கள் ஆளும் மாட்டு வண்டியும் போவதற்குப் போட்டவை. 2019-ல் நாகர்கோவில் மாநகராட்சி ஆயிற்று. சுவர்கள் அதே இடத்தில்தான் நிற்கின்றன.

சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு, பொது இடத்தில் மற்றவர்களுக்கு ஆபத்தோ இடைஞ்சலோ வரும்படி வண்டியை விட்டுப் போகக் கூடாது என்கிறது. "எங்க முடுக்கு முட்டுச்சந்துதானே, அதுக்கு மேல வழி இல்லையே" என்று பலர் கேட்பார்கள். அதே சட்டத்தில் பொது இடம் என்றால் என்ன என்று சொல்லும்போது, ஊடுவழியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், பொதுமக்கள் போய்வர உரிமையுள்ள பாதை என்றுதான் எழுதியிருக்கிறது. ஆக முட்டுச்சந்துக்கும் சட்டம் உண்டு. மீறினால் முதல் தடவை 500 ரூபாய் வரை, அடுத்த தடவை 1,500 ரூபாய் வரை அபராதம். 10 மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடக்கிற வண்டியையும், தடை செய்த இடத்தில் நிற்கிற வண்டியையும் போலீஸ் இழுத்துக்கொண்டு போக 127-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. இழுத்த செலவு வண்டிக்காரர் தலையில். 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், பொது வழியை மறிப்பதற்கு 5,000 ரூபாய் வரை அபராதம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 200 ரூபாயாக இருந்தது.

வீட்டு முன்னால் கல்லும் பெயின்ட் டப்பாவும் வைத்து இடம் பிடிப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கேட்டை யாரும் மறிக்கக் கூடாது, அந்த உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் கேட்டுக்கு வெளியே உள்ள தெரு உங்கள் பத்திரத்தில் இல்லை. அந்தக் கல்லில் இடறி எங்கள் ஆள் ஒருவருக்குக் கணுக்கால் பிசகியிருக்கிறது.

நம்மால் முடியாத காரியமா இது? தை மாசம் நாகராஜா கோயில் தேர் வரும்போது ரத வீதியில் ஒரு சைக்கிள் நிற்குமா? கோட்டாறு சவேரியார் கோயில் தேர் வருகிற தெருவில் யாராவது காரைப் போட்டுவிட்டுப் போவார்களா? தேருக்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். யாரும் அபராதம் போடாமலே வழி விடுகிறோம்.

தெருக்காரர்கள் ஒரு சாயங்காலம் கூடி, டேப் பிடித்து முடுக்கை அளந்து பாருங்கள். கார் நின்றால் 108 போகாது என்றால், அங்கே காரே வேண்டாம். கொஞ்சம் தள்ளியிருக்கிற காலி மனைக்காரரிடம் மாச வாடகை பேசுங்கள். இடம் இருந்தால் ஒரு பக்கம் மட்டும் என்று முடிவு செய்து, மாநகராட்சிக்கும் போக்குவரத்துக் காவலுக்கும் எழுதிக் கொடுங்கள். பைக்குகளை ஒரே வரிசையாக, ஹேண்டிலை ஒரே பக்கமாகத் திருப்பி நிறுத்தினாலே ஒரு ஸ்ட்ரெச்சருக்கு வழி கிடைக்கும். வண்டிக் கண்ணாடிக்குள்ளே உங்கள் போன் நம்பரை வையுங்கள். முடுக்கு வாயிலில் மட்டும் எந்த வண்டியும், ஒரு நிமிஷத்துக்குக்கூட வேண்டாம். உள்ளே ஒரு வண்டி நின்றால் அதற்கு அப்பால் உள்ள வீடுகள்தான் மாட்டும். வாயிலில் நின்றால் அத்தனை வீடும் மாட்டும்.

தீ என்றால் 101, ஆம்புலன்ஸுக்கு 108. கூப்பிட்ட உடனே வீட்டில் ஒருவரை டார்ச்சோடு முடுக்கு வாயிலுக்கு அனுப்புங்கள். அங்கே வண்டி ஏதாவது நின்றால், நாங்கள் வந்து சேருவதற்குள் அவர் நாலு கதவைத் தட்டி எடுக்கச் சொல்லியிருப்பார்.

வணக்கம்.