‘அரிதினும் அரிதான வழக்கு’ என்றால் என்ன? சாட்ஸ்வர்த் நேயரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். நம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: “தமிழ்ச் செய்திகளில் ‘அரிதினும் அரிதான வழக்கு’ என்று கூறித் தூக்குத் தண்டனை விதிப்பதைப் பார்க்கிறேன். நம் நாட்டில் 1995-லேயே நீக்கப்பட்ட தண்டனை இந்தியாவில் எப்படி நிலைத்திருக்கிறது? ஒரு வழக்கு அரிதானது என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?”

முதல் கேள்விக்கான விடை பெரும்பாலும் இரு நாட்டு அரசியலமைப்புகளின் வாசகத்திலேயே இருக்கிறது. சட்டம் வகுத்த நடைமுறைப்படி அன்றி எவருடைய உயிரையும் பறிக்கக் கூடாது என்கிறது இந்திய அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு. உரிய நடைமுறைப்படி பறிக்க இடமுண்டு என்பது அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. மரண தண்டனையைக் குறைக்கும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்கு 72ஆம் பிரிவு வழங்குவதும் இதற்கு வலுச்சேர்க்கிறது. நம்முடைய 1993ஆம் ஆண்டு இடைக்கால அரசியலமைப்போ, உயிர் வாழும் உரிமையை எந்த நிபந்தனையும் இன்றி அளித்ததோடு, கொடூரமான, மனிதத்தன்மையற்ற தண்டனையை வெளிப்படையாகவே தடை செய்தது. 1995 ஜூன் 6 அன்று மக்வன்யானே வழக்கில் நம் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் தலைவர் சாஸ்கல்சன், மரண தண்டனை செல்லும் என்ற இந்திய உச்ச நீதிமன்றத்தின் பச்சன் சிங் தீர்ப்பை விரிவாக ஆராய்ந்து, இந்த வாசக வேறுபாட்டைச் சுட்டிக்காட்டிய பிறகே, இங்கே அது செல்லாது என்ற வேறு முடிவுக்கு வந்தார். பதினொரு நீதிபதிகளும் அந்த முடிவில் ஒன்றுபட்டார்கள்.

இரண்டாவது கேள்விதான் சிக்கலானது. 1980-இல் வந்த பச்சன் சிங் தீர்ப்பில் நான்கு நீதிபதிகள் மரண தண்டனை செல்லும் என்றார்கள். நீதிபதி பகவதி மட்டும், அது எந்த நீதிபதிகள் விசாரிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறக்கூடியது என்று கூறி மாறுபட்டார். ஆனால் பெரும்பான்மைத் தீர்ப்பும் கதவை அகலத் திறந்துவிடவில்லை; ‘அரிதினும் அரிதான வழக்கு’ என்ற வரம்பை வகுத்ததே அதுதான். ஆயுள் தண்டனையே பொது விதி. குற்றத்தோடு குற்றவாளியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர் திருந்த வாய்ப்பில்லை என்பதை அரசுத் தரப்பே சான்றுகளோடு நிறுவ வேண்டும். ஆயுள் தண்டனை என்ற மாற்று வழி ஐயத்துக்கிடமின்றி அடைபட்ட பிறகே தூக்குத் தண்டனையை எண்ணிப் பார்க்கலாம். குற்றம் மிகக் கொடூரமானது என்பது மட்டும் போதாது என்பதைச் செய்தி பார்ப்பவர்கள் பலர் அறிவதில்லை. இதில் அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 1983-இல் மச்சி சிங் தீர்ப்பு, கொலை நடந்த விதம், நோக்கம், கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கை போன்ற வகைகளை வகுத்து, சமூகத்தின் மனசாட்சி அதிர்வதைப் பற்றியும் பேசியபின், பல நீதிமன்றங்களின் கவனம் குற்றத்தின் பக்கமே சாய்ந்தது. இந்தச் சாய்வு பச்சன் சிங் தீர்ப்பின் உயிர்நாடியையே பலவீனப்படுத்தியது என்பது என் கருத்து. 2009-இல் சந்தோஷ் பாரியார் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டித்தது. 2022-இல் மனோஜ் வழக்கில், கைதியின் மனநிலை, சிறை நடத்தை, குடும்பப் பின்னணி ஆகியவை பற்றிய அறிக்கைகளை விசாரணை நீதிமன்றக் கட்டத்திலேயே பெற வேண்டும் என்று வழிகாட்டியது.

இன்னொன்றையும் அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். செய்தியில் நாம் கேட்பது பெரும்பாலும் அமர்வு நீதிமன்றத்தின் தீர்ப்பு. உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் அதை நிறைவேற்ற முடியாது; அங்கேயும், பின்னர் உச்ச நீதிமன்றத்திலும் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்ட வழக்குகள் ஏராளம்.