வாடைக்காற்றும் 26 கோழிக்குஞ்சுகளும்

இந்தச் சத்தம் கேட்கிறதா? இருங்கள், போனைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோகிறேன். கீச் கீச் என்று மெதுவாக, ஆளுக்கொரு பக்கம் முணுமுணுக்கிற மாதிரி இருக்கிறதா? இப்படி இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பிறந்து நாலு நாள் ஆகிறது. மூன்று அடைக்கோழிகள் பொரித்தது, இப்போது 26 குஞ்சு.

எங்கள் வீடு தேவிபட்டினத்துக்கு வடக்கே, கடலோரத்தில். பல்பு போட்டுக் குஞ்சு வளர்க்கிறேன் என்று சொன்னதும் பக்கத்து வீட்டு அக்கா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "என்னத்தா, ராமநாதபுரம் வெக்கை பத்தலைன்னா இதுக்கும் பல்பு போட்டுக் காயப்போடுறே?" நியாயமான கேள்விதான். நமக்கு வேர்க்கிறது, குஞ்சுக்கு எதற்குச் சூடு?

பொரித்த குஞ்சுக்கு உடம்பில் இருப்பது வெறும் பஞ்சு. இறகு முளைக்கும் வரை தன் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது. முதல் வாரம் அதைச் சுற்றி 35 டிகிரி வேண்டும். மார்கழி, தை ராத்திரியில் என் தெர்மாமீட்டர் இந்த அறையில் 24 காட்டுகிறது. நமக்கு அது சுகமான தூக்கம், அதுக்கு 11 டிகிரி பற்றாக்குறை. அதுவும் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து நேராக வீட்டுக்குள் வருகிற ஊர் இது. நான் குளிரோடு சண்டை போடவில்லை, காற்றோடுதான் போடுகிறேன்.

தாய்க்கோழியிடமே விட்டால் என்ன என்று கேட்பீர்கள். விடலாம், வேறு ஊரில். இங்கே கருவாடு காயப்போடும் களம் ஐம்பது அடி தள்ளி இருக்கிறது. கருவாட்டுக்கு வருகிற காக்கை, போகிற வழியில் ஒரு குஞ்சையும் தூக்கிக்கொண்டு போகும். தாய்க்கோழி எத்தனைப் பக்கம்தான் பார்க்கும்? பஞ்சாரத்தில் எத்தனை நாள் போட்டு மூடுவது? குஞ்சைப் பிரித்துவிட்டால் கோழி சீக்கிரமே அடுத்த முட்டைக்குத் திரும்பும், அது இன்னொரு லாபம்.

போன வருஷம் நான் செய்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் மீன் வைக்கிற தெர்மாகோல் பெட்டி இருந்தது. சூடு வெளியே போகாது, இதைவிட நல்ல பெட்டி ஏது என்று கழுவிக் காயவைத்து, மேலே ஒரே ஒரு பல்பைத் தொங்கவிட்டு, 18 குஞ்சுகளை விட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் போயிருக்கிறது. எனக்குத் தெரியாது. விடிந்து பார்த்தால் எல்லாம் ஒரு மூலையில் குவியலாகக் கிடந்தன. மேலே இருந்தது பிழைத்தது, அடியில் கிடந்த ஏழும் மூச்சு முட்டிச் செத்துப்போயின. குளிரில் சாகவில்லை, நெரிசலில் செத்தன. குளிர்ந்தால் குஞ்சு ஒன்றின் மேல் ஒன்று ஏறும், பெட்டியில் மூலை இருந்தால் அதுதான் குழி. மிச்சம் இருந்ததும் தெர்மாகோலைக் கொத்திக் கொத்தித் தின்ன ஆரம்பித்தது. பல்பு பட்டால் உருகித் தீப்பிடிக்கவும் செய்யும். அந்தப் பெட்டியை அன்றைக்கே வெளியே எடுத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

இப்போது இதைப் பாருங்கள். பழைய பனையோலைப் பாய் ரெண்டு. நீளவாக்கில் நிறுத்தி, வலை பின்னுகிற நைலான் நரம்பால் நுனியோடு நுனி தைத்து வட்டமாக்கியிருக்கிறேன். குறுக்கே மூன்றடி வரும். மூலையே கிடையாது. ஓலை இடுக்கில் காற்று வரும் என்பதால் வெளிப்பக்கம் உரச்சாக்கைப் பிரித்துச் சுற்றியிருக்கிறேன், மேலே மட்டும் திறப்பு. குஞ்சு வளர வளரத் தையலைப் பிரித்து இன்னொரு பாயைச் சேர்த்தால் வட்டம் பெரிதாகிவிடும்.

பல்பு குண்டு பல்புதான் வேண்டும். எல்.இ.டி வெளிச்சம் தரும், சூடு தராது. ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்று ஒரு கணக்கு உண்டு. 26 குஞ்சுக்கு 52 வாட், ஆனால் காற்றை நினைத்து 40 வாட்டில் ரெண்டு போட்டிருக்கிறேன். ஒன்று ஃபியூஸ் ஆனாலும் இன்னொன்று எரியும். மேலே ஓட்டை விழுந்த அலுமினியச் சட்டியைக் கவிழ்த்திருக்கிறேன், சூடு கீழேயே நிற்கும். பல்பை ஒயரில் தொங்கவிடாதீர்கள், சங்கிலியில் கட்டுங்கள். ஓலைக்குப் பக்கத்திலும் போகக்கூடாது. உப்புக்காற்றில் ஹோல்டருக்குள் பச்சை பிடித்துப் பொறி பறக்கும், அதனால் ஒவ்வொரு தடவையும் புது ஹோல்டர்தான். இதில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

தெர்மாமீட்டர் குஞ்சின் முதுகு உயரத்தில் தொங்குகிறது. ஆனால் உண்மையில் நான் பார்ப்பது குஞ்சுகளைத்தான். பல்புக்கு அடியில் குவிந்து, சத்தமாகக் கத்தினால் குளிர், பல்பை இறக்க வேண்டும். எல்லாம் ஓரமாக ஒதுங்கி, இறக்கையைத் தொங்கவிட்டு வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், ஏற்ற வேண்டும். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்தில் எங்கேயோ காற்று நுழைகிறது. நேற்று அப்படித்தான் சாக்கில் ஒரு கிழிசலைக் கண்டுபிடித்தேன். அங்கங்கே பரவி, காலை நீட்டி, செத்த மாதிரி தட்டையாகப் படுத்திருந்தால்... பயப்படாதீர்கள், அது நல்ல தூக்கம். என் மாமியார் முதல் நாள் இதைப் பார்த்துவிட்டு அலறிவிட்டார்கள்.

கீழே மணல் போடச் சொல்வார்கள். வேண்டாம், ராத்திரி மணல் சில்லென்று ஆகிவிடும். ரெண்டு அங்குலம் உமி போதும். முதல் மூன்று நாள் அதன் மேல் செய்தித்தாளைக் கசக்கி விரித்துப் போடுங்கள். வழவழப்பாகப் போட்டால் கால் வழுக்கி அகண்டுபோகும், இந்தத் தடவை ஒரு குஞ்சை அப்படித்தான் இழந்தேன், முதலில் 27 இருந்தது. தண்ணீர் எங்கள் போர் தண்ணீர் இல்லை, அது உப்பு. குடிக்க வாங்குகிற குடத்துத் தண்ணீரில்தான் இதுகளுக்கும் பங்கு. தட்டில் கூழாங்கல் போட்டிருக்கிறேன், இல்லையென்றால் இறங்கி நனைந்துவிடும்.

கரண்ட் போனால்? மாமியார் முறை, சீமைக்கருவேலங்கரிக் கங்கை மண்சட்டியில் போட்டுச் சாம்பல் மூடி வைப்பது. நல்ல சூடுதான். ஆனால் மூடிய அறையில் கரிப்புகை குஞ்சையும் கொல்லும், நம்மையும் கொல்லும். நான் வெந்நீர் பாட்டில் ஆள். ரெண்டு பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே படுக்கவைத்துவிடுவேன், ஆறினால் மாற்றுவேன். அலாரம் வைத்துத்தான் தூங்குகிறேன்.

அடுத்த வாரம் 32 டிகிரி, அதற்கடுத்து 29, இப்படி வாரத்துக்கு மூன்றாகக் குறைக்க வேண்டும். சித்திரையில் பொரித்தால் கதையே வேறு, பகலில் பல்பை அணைத்துவிட வேண்டும், அப்போது சூடுதான் எமன்.

ஏழாம் நாள், கோழிகளைக் கொல்லுகிற வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் இருக்கக் கண்ணில் சொட்டு மருந்து. மருந்துக் குப்பியைத் திறந்துவிட்டால் கொஞ்ச நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், என் 26-க்கு ஒரு குப்பி ரொம்ப அதிகம். அதனால் தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன். வெக்கை பத்தலையா என்று கேட்ட அக்காதான் முதலில் பேர் கொடுத்தார்கள், ஒன்பது குஞ்சு. மருந்தகத்திலிருந்து ஐஸ் போட்டுக் கொண்டுவர அந்தத் தெர்மாகோல் பெட்டியைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன்.