அப்டேட்டுக்குப் பிறகு அடிக்காத மணி

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

செல்லம்பட்டிப் பக்கம் மல்லித் தோட்டம் வைத்திருக்கும் அக்கா ஒருவர் போன பங்குனியில், காலை எட்டு மணி இருக்கும், எனக்கு போன் செய்தார். "தம்பி, நாலு மணிக்கு மணி அடிக்கலையே. கண்ணு முழிச்சுப் பாத்தா நல்லா விடிஞ்சிருச்சு" என்றார். குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

மல்லிகை மொட்டாக இருக்கும்போதே பறிக்க வேண்டிய பூ. விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினால்தான் மாட்டுத்தாவணிச் சந்தைக்கு நேரத்தோடு போய்ச் சேரும். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ என்றாலும், மொட்டு வாய் திறந்துவிட்டால் விலை இறங்கிவிடும். அன்று முகூர்த்த நாள் வேறு.

அந்த மணியை அடிக்க வேண்டியது நான் எழுதிய ஆப். பூ விவசாயிகளுக்காகச் செய்தது. முந்தைய நாள் விலையைக் காட்டும், பறிப்பு நேரத்துக்கு எழுப்பிவிடும். அக்காவின் போனில் எட்டு மாதம் ஒருநாள் தவறாமல் அடித்தது. நான் ஒரு அப்டேட் கொடுத்தேன். ஐந்து நாள் கழித்து அடிக்கவில்லை.

ஏன் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. கண்டுபிடித்ததைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

ஆண்ட்ராய்டு போனை அணைத்துப் போட்டால், ஆப்கள் வைத்திருந்த அலாரம் எல்லாம் அழிந்துபோகும். அதனால் போன் மறுபடி உயிர் பெற்றதும் கண் விழித்து அலாரத்தைத் திரும்ப வைப்பதற்கென்றே ஆப்புக்குள் ஒரு சின்னப் பாகம் இருக்கும். அலாரமே வைக்காதவர் போனில் அது சும்மா விழிக்க வேண்டாமே. ஆகவே ஆப் வரும்போதே அது 'ஆஃப்' என்று குறிக்கப்பட்டு வரும். நீங்கள் முதல் அலாரம் வைக்கும்போது ஆப் அதை 'ஆன்' செய்யும். அந்த 'ஆன்' என்ற குறிப்பை ஆப் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. போன்தான் தன் கணக்குப் புத்தகத்தில், அந்தப் பாகத்தின் பெயருக்கு நேராக எழுதி வைக்கிறது.

அப்டேட் வந்தால் அந்தக் குறிப்பு அழியாது. ஆப்பின் புதிய பதிப்பு 'ஆஃப்' என்று சொல்லிக்கொண்டு வந்தாலும், முன்பு எழுதிய 'ஆன்' என்பதே செல்லும். ஆனால் யாரும் தொடாத பாகத்துக்குக் குறிப்பே இருக்காது. அங்கே புதிய பதிப்பு என்ன சொல்கிறதோ அதுதான். ஆப்புக்குள் நாம் பார்க்கும் சாதாரண செட்டிங்குகளும் பெரும்பாலும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. நீங்கள் கைவைத்து மாற்றியது தங்கும். வந்தபடியே விட்டது, செய்தவர் மனம் மாறினால் கூடவே மாறும். "நான் எதையுமே தொடலையே, எப்படி மாறிச்சு?" என்று பலர் கேட்பது இதனால்தான். தொடாததால்தான் மாறியது.

சரி, அக்காவின் மணி? அந்தச் சின்னப் பாகத்தை நான் ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொரு ஃபோல்டருக்கு மாற்றியிருந்தேன். கோப்புகளை ஒழுங்குபடுத்தும் வேலை, அவ்வளவுதான். ஆனால் போனுக்குப் பெயர் என்பது ஃபோல்டரோடு சேர்ந்த முழுப் பெயர். அதன் கணக்கில் பழைய ஆள் போய்விட்டார், புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். 'ஆன்' என்ற குறிப்பு பழைய பெயரோடு போயிற்று. புதியவர் 'ஆஃப்' ஆகவே உட்கார்ந்திருந்தார். போன் அணையாதவரை மணி அடித்தது. ஐந்தாம் நாள் இரவு சார்ஜ் தீர்ந்து அணைந்து, திரும்பப் போட்டதும் அலாரத்தைத் திரும்ப வைக்க ஆள் இல்லை. என் போனில் சோதித்தேனே என்றால், அப்டேட் போட்ட கையோடு புது அலாரம் ஒன்றை வைத்துப் பார்த்தேன். அந்தச் செயலே பாகத்தை 'ஆன்' செய்துவிட்டது. அக்கா செய்வதுபோல ஒன்றும் தொடாமல் விட்டு, போனை அணைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

ஆப் எழுதும் தம்பி தங்கைகள் கேட்டுக்கொண்டிருந்தால்: அப்டேட் முடிந்தவுடன் போன் அந்த ஆப்புக்கே ஒரு தகவல் அனுப்பும். அதைக் கேட்டு, அலாரம் வைத்தவர்களுக்கு எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்து வையுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். அந்தப் பாகத்தின் பெயரிலும் இனி கைவைப்பதில்லை.

நோட்டிபிகேஷன் ஒலியிலும் இதே கதை நடக்கும். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், ஒவ்வொரு வகை அறிவிப்புக்கும் தனித்தனியாக ஒலியும் முக்கியத்துவமும் நீங்களே வைக்கலாம். நீங்கள் வைத்ததை ஆப்பால் மாற்ற முடியாது. ஆனால் புதிய பதிப்பில் அந்த வகையையே வேறு அடையாளத்தில் புதிதாகத் தொடங்கிவிட்டால், நீங்கள் ஊமையாக்கி வைத்தது மறுபடி கத்தும். தெரியாமல் செய்பவர்களும் உண்டு. தெரிந்தே செய்வது எனக்குத் தவறாகவே படுகிறது.

அப்புறம் ஒன்று. ஏதாவது கோளாறு என்றதும் "அழிச்சுட்டு மறுபடி போடுங்க" என்று கடையில் சொல்வார்கள். அப்டேட் உங்கள் செட்டிங்குகளை விட்டுவைக்கும். அழித்தால் எல்லாம் போகும். அதைக் கடைசி வழியாக வையுங்கள். முதலில் ஆப்பைத் திறந்து, அலாரத்தை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். பிறகு போனை ரீஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடத்தில் அடிக்கும்படி ஒன்று வைத்துப் பாருங்கள். மாதக்கணக்கில் திறக்காத ஆப்பின் அனுமதிகளை ஆண்ட்ராய்டு 11-இலிருந்து போன் தானாகவே எடுத்துவிடும் என்பதால், பருவத்துக்கு மட்டும் பயன்படுத்தும் ஆப்பைப் பருவம் தொடங்குமுன் ஒருமுறை திறந்து பாருங்கள்.

அக்காவின் போனில் இப்போது நாலு மணிக்கு மணி அடிக்கிறது. முகூர்த்த நாளுக்கு முந்தைய ஒரு வாரம் அப்டேட் எதுவும் விடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். அடுத்தது எப்போது வரும் என்று அவரிடம் முன்பே போனில் சொல்லிவிடுகிறேன். வணக்கம்.