பிள்ளை பெற்றவளின் தட்டு

வணக்கம் நேயர்களே. இந்த நேரத்தில் உங்களில் பாதிப் பேர் சமையலறையில் இருப்பீர்கள் என்று தெரியும். அடுப்பில் தாளிப்பு இருந்தால் முடித்துவிட்டே வாருங்கள், நான் எங்கும் ஓடிவிட மாட்டேன்.

தாய்ப்பாலைப் பற்றிப் பேசுங்கள் என்றுதான் நிலையத்தார் முதலில் கேட்டார்கள். அதைப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். பால் கொடுக்கிறவள் சாப்பிட்டாளா, சாப்பிட்டதை நினைத்து அழுதாளா என்று பேசத்தான் ஆள் குறைவு. அதனால் அதை நான் எடுத்துக்கொண்டேன்.

பணி ஓய்வு பெறும்வரை பினாங்கில் சமூகத் தாதியாக இருந்தேன். பிரசவம் முடிந்து வீடு திரும்பிய தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது என் வேலை. ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம், டத்தோ கிராமாட் என்று மோட்டார் சைக்கிளில் சுற்றியிருக்கிறேன். வீட்டுக்குள் போகிறவருக்குச் சில விஷயங்கள் தெரியும். கிளினிக்கில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அவை தெரியவே தெரியாது.

உண்ணுதல் கோளாறு என்று ஒரு நோய் இருக்கிறது. அதில் பல வகை. உடம்பு மெலிய மெலிய இன்னும் பருமனாகத்தான் இருக்கிறோம் என்று நம்பிப் பட்டினி கிடப்பது ஒரு வகை. அடக்க முடியாமல் அள்ளி அள்ளிச் சாப்பிட்டுவிட்டு, பயத்திலும் அவமானத்திலும் அதை வெளியேற்றப் பாடுபடுவது இன்னொரு வகை. வெளியேற்றாமல், சாப்பிட்ட குற்ற உணர்விலேயே புழுங்குவது மற்றொன்று. இந்தக் கடைசி வகையைத் தனி நோயாக மருத்துவ உலகம் பட்டியலில் சேர்த்ததே 2013இல்தான். ஆளைப் பார்த்து இவற்றில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. நோய் இருப்பவர் ஒல்லியாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

"அதெல்லாம் வெள்ளைக்காரர் வியாதி, நம் பிள்ளைகளுக்கு வராது" என்று என்னிடம் சொல்லாத அத்தை இல்லை. அந்த அத்தைமார்களுக்கு டயானாவைப் பிடிக்கும். 1997இல் அவர் இறந்தபோது தொலைக்காட்சி முன் உட்கார்ந்து அழுதவர்கள் அவர்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1995இல், பிபிசி பேட்டியில் அதே டயானா, தமக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு மனச்சோர்வு வந்தது என்றும், பல ஆண்டுகள் உண்ணுதல் கோளாறு இருந்தது என்றும் தம் வாயாலேயே சொன்னார். அரண்மனையில் சமையல்காரர் இல்லாமலா? சாப்பாடு இல்லாததால் வருகிற நோய் இல்லை இது.

இனி நான் சொல்லப்போகும் பெண், தன்னைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுமதி கொடுத்தவள். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். அடுக்குமாடி வீடு, தலைச்சன் பிள்ளை, பத்தியம் நடந்துகொண்டிருந்த நேரம். பிள்ளையைத் துணியோடு தராசுக் கொக்கியில் தொங்கவிட்டு எடை பார்த்தேன். நன்றாக ஏறியிருந்தது. "உங்கள் பால்தான் அம்மா, அருமையாக வளர்கிறான்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு எடைக் கருவியை இழுத்தாள். "மிஸ்ஸி, இது சரியாகத்தான் காட்டுகிறதா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்றாள். ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும் அதில் ஏறி நின்றிருக்கிறாள். இரவு மூன்று மணிக்கும்.

அதற்குள் மாமியார் சாப்பாட்டைக் கொண்டுவந்தார். சுடு சோறு, பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு. நல்ல மனுஷி, வஞ்சகமில்லாமல் வைத்திருந்தார். நான் கையேட்டில் எழுதுவதுபோல் உட்கார்ந்து அந்தத் தட்டையே கவனித்தேன். பூண்டுப் பற்கள் ஒவ்வொன்றாக விளிம்புக்குப் போயின. புட்டு சோற்றுக்கு அடியில் போனது. கை ஓயாமல் பிசைந்துகொண்டே இருந்தது. வாய்க்குப் போனது நாலைந்து கவளம். மாமியார் திரும்பி வந்து பார்த்தபோது தட்டு கலைந்து கிடந்தது. "சாப்பிட்டுவிட்டாள்" என்று திருப்தியோடு எடுத்துப் போனார். வயிற்றைச் சுற்றியிருந்த பெங்குங் துணியை, மலாய்க்காரப் பாட்டி கட்டிவிட்டுப் போனதற்கு மேல், அவளே இன்னொரு சுற்று இறுக்கியிருந்தாள். அலமாரிக் கண்ணாடிமேல் ஒரு கைலி தொங்கியது.

பள்ளியில் படிக்கும்போதே அவளுக்கு இந்த நோய் இருந்திருக்கிறது. சிகிச்சை பெற்றுத் தேறியிருக்கிறாள். புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்ற பயம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது, கேளுங்கள். கர்ப்ப காலத்தில் இந்த நோய் பலருக்கு அடங்கி இருக்கும். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்காகச் சாப்பிட்டுவிடுவார்கள். வயிறு பெரிதானால் ஊரே கொண்டாடும், வளைகாப்புப் போடும். பிள்ளை பிறந்த மறுநாள் அந்தச் சலுகை முடிந்துபோகிறது. எல்லாக் கண்ணும் தொட்டிலுக்குப் போய்விடும். வயிறு மட்டும் அங்கேயே இருக்கும். கர்ப்பப்பை சுருங்கிப் பழைய அளவுக்கு வரவே ஆறு வாரம் போல் ஆகும். பெங்குங் இடுப்புக்குத் தாங்கலாக இருக்கும், கொழுப்பைக் கரைக்காது. அதோடு தூக்கம் இல்லை, பால் கொடுப்பதால் பசியோ பசி. தேறியிருந்த பெண்ணுக்கு நோய் திரும்பி வருவதற்கு இதைவிட வசதியான காலம் கிடையாது. பிள்ளைப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வும் இவர்களுக்குக் கூடுதலாக வருகிறது. கர்ப்பத்தில் நன்றாகத்தானே சாப்பிட்டாள், இப்போது என்ன வந்தது என்று கேட்காதீர்கள். இப்போதுதான் வரும்.

பசியோ பசி என்றேன். எனக்கு மிகவும் பிடித்த ஒரு கதை உண்டு, சொல்லாமல் விட மாட்டேன். நடந்த கதை. 1944 நவம்பரில் அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 36 இளைஞர்களைச் சேர்த்தார். போரில் ஆயுதம் தூக்க மாட்டோம் என்று மனசாட்சிப்படி மறுத்தவர்கள். போர் முடிந்ததும் பட்டினியில் கிடக்கும் மக்களை எப்படித் தேற்றுவது என்று கண்டுபிடிக்கத் தங்கள் உடம்பையே கொடுத்தார்கள். முதல் மூன்று மாதம் நல்ல சாப்பாடு. அடுத்த ஆறு மாதம் ஏறத்தாழ பாதிச் சாப்பாடு: உருளைக்கிழங்கு, ரொட்டி, மக்ரோனி. வாரத்துக்கு 22 மைல் நடை வேறு.

உடல் நலமும் மன உறுதியும் பார்த்துப் பொறுக்கி எடுத்த ஆண்கள். கண்ணாடி முன் நின்று கவலைப்படுகிறவர்கள் இல்லை. அவர்களுக்கு என்ன ஆயிற்று? நாள் முழுதும் சாப்பாட்டுப் பேச்சு. சமையல் புத்தகங்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள், சமைக்கவே தெரியாதவர்கள்! ஒரு தட்டை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் இழுத்து இழுத்துச் சாப்பிட்டார்கள், தட்டை நக்கினார்கள். சிடுசிடுப்பு, சோர்வு, பெண்கள்மேல் நாட்டமே போய்விட்டது. சிலர் கட்டுப்பாட்டை மீறித் திருட்டுத்தனமாகச் சாப்பிட்டுவிட்டுக் குற்ற உணர்வில் துடித்தார்கள். சோதனை முடிந்து வயிறாரச் சாப்பாடு கிடைத்த பிறகும் பலருக்கு மாதக்கணக்கில் போதும் என்ற எண்ணமே வரவில்லை. இதெல்லாம் 36 வாட்டசாட்டமான வாலிபர்களுக்கு நடந்தது. பட்டினி மூளையை என்ன செய்யும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். ஆகவே நடுநிசியில் பிஸ்கட் டின்னோடு உட்கார்ந்து அழுகிற தாயைப் பார்த்து "கட்டுப்பாடே இல்லை" என்று சொல்லாதீர்கள். பகல் முழுவதும் அவள் கட்டுப்பாட்டோடு இருந்ததால் வந்த வினை அது.

அந்த இளைஞர்கள் அங்கே பட்டினி கிடந்த 1945இல் இங்கே என்ன நடந்தது? ஜப்பான்காரன் காலம். 1941 டிசம்பரில் பினாங்கு விழுந்ததிலிருந்து அரிசிக்குப் பஞ்சம். மரவள்ளிக்கிழங்கை வேகவைத்தும் மாவாக்கியும் தின்று உயிர் பிழைத்தவர்கள் நம் பாட்டிமார்கள். என் பாட்டி தோட்டத்தில் இருந்தவர். போர் முடிந்து எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகும், வீட்டு அரிசி டின் பாதிக்குக் கீழே இறங்க விட மாட்டார். இறங்கினால் அன்று அவருக்குத் தூக்கம் வராது. வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிட வைக்காமல் அனுப்பினால் எங்களுக்கு ஏச்சு விழும். பட்டினி பார்த்த தலைமுறை. "சாப்பிடு, சாப்பிடு" என்பதற்குள் எவ்வளவு பயம் இருந்தது என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அதே வாய்தான் அடுத்த நிமிடம் "என்ன, இப்படி ஊதிப் போய்விட்டாய்?" என்றும் கேட்கும். அங்கேதான் எனக்கு அவரோடு சண்டை. உணவைக் கொடுங்கள், உடம்பைப் பேசாதீர்கள். பாட்டிக்கு முதல் பாதி மட்டும் பிரமாதமாக வரும்.

பிள்ளை பார்க்க வருகிற கூட்டத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தீபாவளித் திறந்த இல்ல விருந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "இன்னும் வயிறு இறங்கவே இல்லையே." "எனக்கெல்லாம் மூன்று பிள்ளைக்குப் பிறகும் அதே சட்டைதான்." சரி, இவை புண்படுத்துகிறவை என்று யாருக்கும் தெரியும். பாராட்டு இருக்கிறதே, அது இன்னும் மோசம். "பிள்ளை பெற்றவள் மாதிரியே தெரியவில்லை, எப்படி இளைத்தாய்?" பட்டினி கிடந்து இளைத்தவளுக்கு இது பரிசு. நாளைக்கும் பட்டினி கிடப்பாள். "பிள்ளை யார் ஜாடை?" என்று கேளுங்கள், "இரவில் தூங்க விடுகிறானா?" என்று கேளுங்கள். பேச எவ்வளவோ இருக்கிறது. திரும்பவும் சொல்கிறேன்: உணவைக் கொடுங்கள், உடம்பைப் பேசாதீர்கள்.

இன்னொன்று, விரதம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பவள்தான் நானும். ஆனால் இந்த நோய் உள்ள பெண்ணுக்கு விரதம் ஒரு நல்ல மறைவிடம். ஒரு வேளைச் சாப்பாடு என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், கையெடுத்துக் கும்பிடுவார்கள். விரதம் முடிந்த பிறகும் அவளால் பழைய சாப்பாட்டுக்குத் திரும்ப முடியாது. நோயிலிருந்து தேறி வருகிறவரும் பால் கொடுக்கிறவரும் மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகலாம். மாமியாரே "நீ சாப்பிட்டுவிட்டு வா" என்று சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. முருகனை எனக்குத் தெரிந்தவரை அவர் தட்டை எண்ணுகிறவர் இல்லை.

இவ்வளவு நேரம் பேசியும் நான் கிலோ, கலோரி என்று ஓர் எண்ணும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? வேண்டுமென்றேதான். நோய் உள்ளவர் காதில் விழுந்தால் எண் மட்டும் ஒட்டிக்கொள்ளும், மற்றதெல்லாம் போய்விடும். கிளினிக்கில் எடை பார்க்கும்போது கருவிக்கு முதுகைக் காட்டி நிற்கலாம். "எண்ணை எனக்குச் சொல்லாதீர்கள், கையேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்" என்று தாதியிடம் கேட்கலாம். கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. வீட்டில் இருக்கிற கருவியை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். கட்டிலுக்கு அடியில் கருவி வைத்திருந்த அந்தப் பெண்ணுடையதை அவள் கணவர்தான் தூக்கிக்கொண்டு போனார். ஆனால் அது முதல் நாளே நடக்கவில்லை. அதற்கு முன் அவள் கிளினிக் மருத்துவரிடம் பேசி, மனநல மருத்துவரையும் உணவியல் நிபுணரையும் பார்க்கத் தொடங்கியிருந்தாள். சிகிச்சையில் அவளுக்குக் கொடுத்த முதல் வேலை மிகச் சாதாரணமானது: பசிக்கிறதோ இல்லையோ, மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் சிற்றுணவு, நீண்ட இடைவெளி விடக் கூடாது. காலையில் பசியாறாமல் விட்டால் ராத்திரிதான் வட்டியோடு திரும்ப வரும் என்று அவளுக்கு அனுபவத்தில் தெரிந்துபோனது. இன்றும் சில மாதங்கள் நன்றாகப் போகும், சில மாதங்கள் இடறும். ஆனால் இடறினால் இப்போது சொல்கிறாள்.

சொன்னால்தான் தெரியும், ஏனென்றால் நாங்கள் கேட்பதில்லை. பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வைக் கண்டறிய உலகமெங்கும் பயன்படுத்தும் எடின்பரோ கேள்வித்தாள் 1987இல் வந்தது. பத்தே கேள்வி, மிக நல்ல கேள்வித்தாள். சிரிக்க முடிகிறதா, தூக்கம் வருகிறதா, அழுகை வருகிறதா என்றெல்லாம் கேட்கும். சாப்பாட்டைப் பற்றி அந்தப் பத்தில் ஒன்றுகூட இல்லை. ஆகவே தாதிமார்களே, கேட்டுக்கொண்டிருந்தால் பதினோராவதாக நீங்களே ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: "சாப்பாடும் உடம்பும் மனத்தைத் தொந்தரவு செய்கிறதா, அம்மா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார். பாட்டி கதையில் நேரம் போய்விட்டது. தாயைப் பார்த்துப் பெண் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்கிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதி வந்தேன், அது போச்சு. கணவன்மாருக்கு மட்டும் ஒரு வரி: பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுங்கள், தட்டைக் காவல் காக்காதீர்கள். உதவிக்கு அருகில் இருக்கும் அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் தொடங்குங்கள்; தாய் சேய் பகுதித் தாதியிடம் சொன்னாலே போதும், குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு வெள்ளிதான். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, எதைச் சாப்பிட்டாலும் தங்காமல் போவது, இவை இருந்தால் கிளினிக்குக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். மனம்விட்டுப் பேசச் சுகாதார அமைச்சின் ஹீல் எண், ஒன்று ஐந்து ஐந்து ஐந்து ஐந்து, 15555. நள்ளிரவு தாண்டிவிட்டால் கோலாலம்பூர் பிஃபிரண்டர்ஸ் 24 மணி நேரமும் இருக்கிறார்கள்: 03-7627 2929. எழுதிக்கொள்ள முடியாதவர்களுக்கு இன்னொரு முறை சொல்கிறேன், 03-7627 2929. நன்றி, வணக்கம்.