உங்க எம்.பி. மக்களவையில என்ன பேசினார்? பதிவேட்டைத் தேடிப் படிக்கிற வழி

வணக்கம் மக்களே. ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிஞ்சதும் வாட்ஸ்அப்புல ஒரு பட்டியல் சுத்தும். இந்த எம்.பி. இத்தனை கேள்வி, இத்தனை விவாதம், வருகை இத்தனை சதவீதம். உடனே கீழே கட்சிக்காரங்க சண்டை. அந்த எண்கள் பெரும்பாலும் பி.ஆர்.எஸ்.ங்கற, நாடாளுமன்ற வேலையை ஆராயற அமைப்போட தளத்துல இருந்து எடுத்தது, தப்பில்லை. ஆனா அந்த எண்களை மட்டும் வச்சு ஒருத்தர் வேலையை எடை போட்டா ஏமாந்துடுவோம். அதைத்தான் இன்னைக்குப் பிரிச்சுப் பார்க்கப் போறோம்.

கேள்வியில இருந்து ஆரம்பிக்கலாம். மக்களவையில ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி 20, நட்சத்திரம் இல்லாத கேள்வி 230. நட்சத்திரம் போட்டிருந்தா அமைச்சர் எழுந்து நின்னு பதில் சொல்லணும். கேட்டவர் ரெண்டு துணைக்கேள்வி கேட்கலாம். நட்சத்திரம் இல்லைன்னா பதில் தாள்ல வந்துடும், அவ்வளவுதான். கேள்வி கேட்கணும்னு எம்.பி. முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறது நோட்டீஸ், எதுக்கு முன்னுரிமைங்கறது குலுக்கல்ல முடிவாகுது. நட்சத்திரக் கேள்வி நிறைய கிடைச்சவர் கெட்டிக்காரர்னு அர்த்தம் இல்லை, பாதி அதிர்ஷ்டம். அதுலயும் 11 மணிக்கு ஆரம்பிச்சு 12-க்கு முடியற அந்த ஒரு மணி 'கேள்வி நேர'த்துல 20 கேள்வியும் வராது. அஞ்சாறு வந்தாலே நல்ல நாள். மிச்சத்துக்கு எழுத்துல பதில். அமளி நடந்தா அந்த அஞ்சாறும் போச்சு.

இன்னொரு விஷயம், ஒரே பொருள்ல பல பேர் கேட்டிருந்தா எல்லாத்தையும் சேர்த்து ஒரே பதில் கொடுப்பாங்க. தலைப்புல வரிசையா பேர் இருக்கும், எல்லார் கணக்குலயும் ஒன்னு ஏறும். அதனால கேள்வி எண்ணிக்கையைப் பார்த்ததும் கைதட்டாதீங்க. அந்தக் கேள்வியில உட்பிரிவு என்னன்னு படிங்க. 'அரசு அறிந்திருக்கிறதா, ஆம் எனில் விவரம் என்ன' அப்படின்னு மட்டும் இருந்தா அது சும்மா எல்லாரும் எழுதற வழக்கமான வாசகம். மாவட்ட வாரியா, ஆண்டு வாரியா, ஒதுக்கினது எவ்வளவு செலவானது எவ்வளவுன்னு கேட்டிருந்தா, கேட்டவருக்கோ அவரோட உதவியாளருக்கோ விஷயம் தெரியும்.

அடுத்து அந்தப் பட்டியல்ல 'விவாதம்'னு ஒரு கட்டம் இருக்கும். பெரிய குழப்பம் இங்கதான். கேள்வி நேரத்துக்கு அப்புறம் அவசர விஷயங்களை எழுப்புற பூஜ்ய நேரத்துல ரெண்டு நிமிஷம் எங்க ஊர்ல ரயில் நிக்கணும்னு கேட்டாலும் ஒன்னு, பட்ஜெட்ல அரை மணி நேரம் பேசினாலும் ஒன்னு. விதி 377 நோட்டீஸும் இதுலயே சேரும். அது ஒரு பிரச்சினையை 250 வார்த்தைக்குள்ள எழுதிக் கொடுக்கிறது. நிறைய நாள் வாசிக்கவே மாட்டாங்க, அவையில வச்சதா எடுத்துக்குவாங்க. வாயே திறக்காம விவாதத்துல கலந்துகிட்ட கணக்கு! ஆனா 377-ஐக் குறைச்சுச் சொல்ல மாட்டேன். பூஜ்ய நேரத்துல பேசினதுக்கு அமைச்சர் பதில் சொல்லியே ஆகணும்னு கட்டாயம் இல்லை. 377-க்குத் துறையில இருந்து எம்.பி.க்கு எழுத்துல பதில் வரும். தொகுதி வேலைக்கு அந்தக் கடிதம்தான் கையில நிக்கும்.

மசோதா விவாதத்துல நேரம் எப்படிப் பிரிக்கிறாங்கன்னு பாருங்க. அலுவல் ஆலோசனைக் குழு ஒரு மசோதாவுக்கு 4 மணி நேரம் ஒதுக்குதுன்னு வைங்க. 240 நிமிஷம், 543 உறுப்பினர். கட்சி பலத்தை வச்சுப் பங்கு. 2024-ல 22 பேர் ஜெயிச்ச தி.மு.க.வுக்கு 22-ஐ 543-ஆல வகுத்து 240-ஆல பெருக்கினா பத்து நிமிஷம்கூட முழுசா வராது. அதுல யார் பேசணும்னு கட்சிதான் பேர் கொடுக்கும். முதல் முறை எம்.பி. ஒருத்தர் பெரிய மசோதாவுல பேசலைன்னா அவருக்கு அக்கறை இல்லைன்னு முடிவு கட்டாதீங்க. பேர் கொடுக்காம விட்டிருக்கலாம். ரெண்டு எம்.பி. இருக்கிற கட்சிக்காரர் மூணாவது நிமிஷத்துல மணியடிச்சு உட்காருறதும் இந்தக் கணக்காலதான்.

எண்ணிக்கைக்கு எதிரா ரெண்டு உதாரணம். 1957 டிசம்பர்ல ஃபெரோஸ் காந்தி, ஆளுங்கட்சி எம்.பி., எல்.ஐ.சி. பணம் தொழிலதிபர் முந்த்ராவோட கம்பெனிப் பங்குகள்ல போனதைப் பத்தி மக்களவையில பேசினார். அப்புறம் நீதிபதி சாக்ளா விசாரணை, 1958 பிப்ரவரியில நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா. பட்டியல் போட்டா அந்தப் பேச்சுக்கும் ஒன்னுதான் கிடைக்கும்.

இன்னொன்னு மாநிலங்களவையில. திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24-ல அங்க நிறைவேறுச்சு. தனிநபர் மசோதா, அதாவது அமைச்சரா இல்லாதவர் கொண்டுவர்றது. சுதந்திரத்துக்கு அப்புறம் ரெண்டு அவையும் தாண்டிச் சட்டமானது மொத்தமே 14, கடைசி 1970-ல. சிவாவோட மசோதாவும் மக்களவையைத் தாண்டலை. ஆனா அரசு தன் பங்குக்கு ஒரு மசோதா எழுத வேண்டி வந்துச்சு, அது 2019-ல சட்டமாச்சு. அதுல சிவா கேட்டது எவ்வளவு விடுபட்டுச்சுங்கறது தனி வீடியோவுக்கு உண்டான சமாச்சாரம்.

சரி, இப்ப மூலப் பதிவு. நாடாளுமன்ற இணையதளமான சன்சத் டாட் இன் போங்க, மக்களவை, உறுப்பினர் பக்கம். அங்க கேள்வி, விவாதம் தனித்தனியா இருக்கும். பழசு வேணும்னா நாடாளுமன்ற டிஜிட்டல் நூலகம். முழு நாள் பதிவை பி.டி.எஃப்.பா இறக்கினா, ஆள் பேரைப் போட்டுத் தேடாதீங்க. இனிஷியல், புள்ளி, இடைவெளி எல்லாம் மாறி மாறி இருக்கும். பேசுறவர் பேருக்குப் பக்கத்துல அடைப்புக்குள்ள தொகுதி இருக்கும், அதைத் தேடுங்க. அதுலயும் ஆங்கில எழுத்துக்கூட்டல் கவனம்: கன்னியாகுமரிக்கு 'என்' ரெண்டு, தூத்துக்குடிக்கு 'கே' ரெண்டு. ஒரு எழுத்து விட்டா 'எதுவும் இல்லை'ன்னு வரும், நீங்க எம்.பி. பேசவே இல்லைன்னு நினைச்சுக்குவீங்க.

தமிழ்ல பேசினதைத் தமிழ்ல தேடினா கிடைக்காது. ஆங்கில மொழிபெயர்ப்புதான் அச்சுல இருக்கும், தமிழ்ல பேசியதுன்னு குறிப்பு போட்டிருப்பாங்க. பேச்சோட சூடு வேணும்னா சன்சத் டி.வி. காணொலிதான். நட்சத்திரக் குறி போட்டு, 'நீக்கப்பட்டது'ன்னு அடிக்குறிப்பு இருந்தா அது அவைத்தலைவர் விதி 380-ல நீக்கின வார்த்தை. 'பதிவாகவில்லை'ன்னு இருந்தா அனுமதி இல்லாம பேசினது. ரெண்டும் வேற வேற. அன்னைக்குச் சாயங்காலமே வர்றது திருத்தாத பிரதி. அதுல இருக்கிற ஒரு சொல்லை வச்சு மீம் போட்டு, திருத்தின பிரதியில அது இல்லாம போனா அசிங்கப்படுவீங்க.

எண்ணிக்கை பூஜ்யம்னு பார்த்தாலும் அவசரப்படாதீங்க. அமைச்சர்கள் கேள்வி கேட்க மாட்டாங்க, வருகைப் பதிவேட்டுல கையெழுத்தும் போட மாட்டாங்க. 2020 மழைக்காலக் கூட்டத்தொடர்ல கொரோனாவால கேள்வி நேரமே இல்லை, எழுத்துப் பதில் மட்டும்தான். அப்புறம் நிலைக்குழு, அதாவது அமைச்சகங்களோட வேலையை ஆராயற எம்.பி.க்கள் குழு. 24 துறைசார் குழு, ஒவ்வொன்னுலயும் 31 பேர். கதவைச் சாத்திட்டு நடக்கிற கூட்டம், யார் என்ன கேட்டாங்கன்னு விவாதப் பதிவுல வராது. நல்லா உழைக்கிற சிலரோட பெரும்பகுதி வேலை அங்கதான் போகுது.

பதிலைப் படிக்கும்போது ஒரு வாக்கியத்தைப் பிடிங்க: 'தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்.' இது உறுதிமொழி. மூணு மாசத்துல நிறைவேத்தணும், இல்லைன்னா அரசு உறுதிமொழிக் குழு துறையைக் கேட்கும். அதுக்கப்புறம் அதே எம்.பி. அதே விஷயத்தை மறுபடி எழுப்பினாரான்னு தேடுங்க. முதல் கேள்வியை யார் வேணா கேட்கலாம். ரெண்டாவது கேள்வி கேட்கிறவர்தான் என் கணக்குல எம்.பி.

நீங்களே எம்.பி.க்கு ஒரு கேள்வி எழுதிக் கொடுக்கலாம். 150 வார்த்தைக்குள்ள வைங்க. நோட்டீஸுக்குக் குறைஞ்சது 15 முழு நாள் வேணும், அதனால கூட்டத்தொடர் தேதி அறிவிச்ச உடனே கொடுங்க. அமைச்சகங்களை அஞ்சு குழுவாப் பிரிச்சு வாரத்துல ஒரு நாள் ஒரு குழு. உங்க துறைக்கு எந்தக் கிழமைன்னு பாருங்க. தாலுகா ஆஸ்பத்திரியில டாக்டர் இல்லைன்னு எழுதினா மாநில விவகாரம்னு தள்ளிடுவாங்க. தேசிய சுகாதார இயக்கத்துல இந்த மாவட்டத்துக்கு மூணு வருஷத்துல எவ்வளவு ஒதுக்கினீங்க, எவ்வளவு செலவாச்சுன்னு எழுதுங்க, அது நிக்கும். நீதிமன்றத்துல இருக்கிற வழக்கைத் தொடாதீங்க. கேள்விக்குள்ள உங்க கருத்தையும் நுழைக்காதீங்க, அதுக்காகவே தள்ளுவாங்க.