225 பேரையும் மாத்தினாப் போதுமா? – உங்கட சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்தக் கிழமை வந்த கேள்வியளுக்குள்ள ஒண்டை மட்டும்தான் எடுக்கப்போறன், எங்கட இலங்கைப் பாராளுமன்றத்தில இருக்கிற 225 உறுப்பினரைப் பற்றினது. வாசிச்ச நேரத்தில இருந்து அது மனசை அரிச்சுக்கொண்டே இருக்குது. மட்டக்களப்பில இருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறா: “2022இல ‘225 பேரும் வேண்டாம், எல்லாரும் வீட்ட போங்கோ’ எண்டு சனம் கத்தினது. 2024இல பெரும்பாலான ஆட்களை மாத்தியும் விட்டம். அப்ப பாராளுமன்றத்தில நம்பிக்கை திரும்பி வந்திருக்க வேணுமே? எனக்கு வரேல்லை. பிழை ஆட்களிலயா, வேற எங்கயுமா?”

அக்கா, உங்களுக்கு மட்டும் இல்லை. 2024 செப்டெம்பரில ஜனாதிபதித் தேர்தலுக்கு 79 வீதம் வாக்களிச்சது. ரெண்டு மாசம் கழிச்சு, நவம்பர் 14, பாராளுமன்றத் தேர்தலுக்கு 69 வீதம் தான். 2020இல இதே பாராளுமன்றத் தேர்தலுக்கு 76 வீதம் மட்டில வந்தது. ஜனாதிபதியைத் தெரிவு செய்ய வரிசையில நிண்ட சனத்தில ஒரு பங்கு, சபையைத் தெரிவு செய்ய வீட்டை விட்டு வெளிக்கிடவே இல்லை.

கேள்விக்கு நேரப் பதில் சொல்லுறன். ஆட்களிலயும் பிழை இருந்தது. ஆனா ஆட்கள் மாறின பிறகும் விதிகள் அப்பிடியே கிடக்குது. எங்கட பழைய காணொளியள் பாத்தவைக்குத் தெரியும், நான் திரும்பத் திரும்பச் சொல்லுற விசயம்: உங்கட வாக்கு பெட்டிக்குள்ள விழுந்த பிறகு அது ஆற்ற கையில இருக்குது எண்டு பின்னாலயே போய்ப் பாருங்கோ. எந்த இடத்தில அது உங்கட கண்ணில இருந்து மறையுதோ, அந்த இடத்திலதான் நம்பிக்கை விட்டுப்போகுது.

முதல்ல ஆசனக் கணக்கு. கன பேர் இதிலதான் களவு எண்டு நினைக்கினம். யாழ்ப்பாண மாவட்டத்தை எடுங்கோ. ஆறு ஆசனம். கூட வாக்கெடுத்த கட்சிக்கு முதலே ஒரு போனஸ் ஆசனம். 5 வீதத்துக்குக் கீழ எடுத்த கட்சியளின்ர வாக்கு கணக்கில இருந்து கழிஞ்சு போகும். மிச்ச வாக்கை மிச்ச அஞ்சு ஆசனத்தால பிரிக்கிறது. 2024இல ஒரு ஆசனத்துக்கு 48,000 மட்டில வந்தது. தேசிய மக்கள் சக்திக்கு 80,000க்குக் கொஞ்சம் கூட, தமிழரசுக் கட்சிக்கு 63,000, தமிழ்க் காங்கிரசுக்கும் 17ஆம் இலக்கச் சுயேச்சைக் குழுவுக்கும் 28,000 படி. எண்பதில நாப்பத்தெட்டுப் போனா மிச்சம் முப்பத்திரண்டு. அது மற்றவையின்ர இருபத்தெட்டை விடக் கூட. அதால மிச்ச வாக்கு வரிசையிலயும் முதல் இடம் அவைக்குத்தான். போனஸ் ஒண்டு, முழுசா ஒண்டு, மிச்ச வாக்கில ஒண்டு. நாலில ஒரு பங்கு வாக்குக்கு ஆறில மூண்டு ஆசனம்.

இது நியாயமோ இல்லையோ, கணக்கு எல்லாருக்கும் ஒண்டு, தேர்தலுக்கு முதலே தெரிஞ்சது. பேப்பரும் பென்சிலும் இருந்தா நீங்களே போட்டுப் பாக்கலாம். நம்பிக்கையை உடைச்சது இது இல்லை.

உடைச்சது தேசியப் பட்டியல். 225இல 196 பேர் மாவட்டங்களில இருந்து, 29 பேர் தேசியப் பட்டியலில இருந்து, அதாவது நாடு முழுக்க விழுந்த வாக்கின்படி கட்சியே நியமிக்கிறவை. துறை தெரிஞ்ச, ஆனா தெருவில இறங்கி வாக்குக் கேக்க ஏலாத ஆட்களைக் கொண்டு வரத்தான் எண்டு சொல்லி 1988இல கொண்டு வந்தவை. ஆனா அரசியலமைப்பின்ர 99அ உறுப்புரையை வடிவா வாசியுங்கோ. கட்சி குடுத்த தேசியப் பட்டியலில உள்ளவரையும் போடலாம், ஏதாவது ஒரு மாவட்டத்து வேட்புமனுவில பெயர் இருந்தவரையும் போடலாம். அதாவது உங்கட மாவட்டத்தில நீங்கள் வேண்டாம் எண்டு தோக்கடிச்ச அதே ஆள், அடுத்த மாசம் அதே சபையில வந்து இருக்கலாம். 2015 ஓகஸ்டில ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பின்ர பட்டியலில அப்பிடித் தோத்தவை கன பேர் உள்ள போனவை.

நடுவில வெற்றிடம் வந்தா இன்னும் லேசு. 2020 தேர்தலில போட்டியிடவே இல்லாத பசில் ராஜபக்ச, 2021 யூலையில ஒருத்தர் பதவி விலக அந்த இடத்துக்கு வந்து நிதி அமைச்சர் ஆனார். அதே 2020 தேர்தலில ஐக்கிய தேசியக் கட்சிக்கு நாடு முழுக்க 2.15 வீதம், மாவட்ட ஆசனம் ஒண்டும் இல்லை. ஒரே ஒரு தேசியப் பட்டியல் ஆசனம், அதுவும் பத்து மாசமளவில வெறுமையாக் கிடந்தது. கொழும்பில தோத்த ரணில் விக்கிரமசிங்க 2021 யூனில அதில வந்து இருந்தார். 2022 மே மாசம் பிரதமர், யூலையில ஜனாதிபதி. ஒரு இடத்திலயும் சட்டம் மீறப்படேல்லை. எனக்கு நோகிறது அதுதான். சட்டமே இடம் விட்டிருக்குது.

அடுத்தது கட்சி தாவல். அக்கா, இதுக்கு உங்கட மாவட்டத்து உதாரணமே இருக்குது. முஸ்லிம் காங்கிரசில தெரிவான நசீர் அஹமட், கட்சி எதிர்க்கச் சொன்ன வரவு செலவுத் திட்டத்துக்கு 2021இல ஆதரவா வாக்களிச்சார். கட்சி நீக்கிச்சுது. அவர் உயர் நீதிமன்றம் போனார். இடையில அமைச்சரும் ஆனார். நீக்கினது சரி எண்டு தீர்ப்பு வந்தது 2023 ஒக்டோபரில. அதுக்குப் பிறகுதான் ஆசனம் போனது.

சட்டத்தில என்ன இருக்குது? 99(13) உறுப்புரை. கட்சி நீக்கினா ஒரு மாசத்தில ஆசனம் வெறுமையாகும். அந்த ஒரு மாசத்துக்குள்ள அவர் உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போடலாம். மூண்டு நீதியரசருக்குக் குறையாம விசாரிச்சு ரெண்டு மாசத்தில முடிவு சொல்ல வேணும். எழுத்தில மூண்டு மாச வேலை. ஐக்கிய மக்கள் சக்தியில இருந்து 2022 மே மாசம் அரசாங்கத்துக்குப் போய் அமைச்சரான ஹரின் பெர்னாண்டோவும் மனுஷ நாணயக்காரவும் ஆசனம் இழந்தது 2024 ஓகஸ்ட் 9. செப்டெம்பர் 24 பாராளுமன்றமே கலைஞ்சு போச்சு. மிஞ்சினது ஆறு கிழமை.

இதில பிழைக்கிற இடம் ரெண்டு. ஒண்டு, நடவடிக்கையைத் தொடங்கக் கூடியது கட்சி மட்டும்தான், வாக்குப் போட்ட உங்களுக்கு மனுப் போட வழி இல்லை. கட்சித் தலைமையே பேசாம இருந்திட்டா ஒருத்தரும் ஒண்டும் செய்ய ஏலாது. மற்றது, கட்சி அவசரப்பட்டு, விளக்கம் கேக்காம, ஒழுங்கான விசாரணை இல்லாம நீக்கினா, நீதிமன்றம் அந்த நீக்கத்தையே செல்லாது எண்டு சொல்லும். தாவினவர் இன்னும் பலமா உள்ள இருப்பார்.

இப்ப நான் முக்கியமா நினைக்கிற இடத்துக்கு வாறன். பெயர். ஆர் எந்தப் பக்கம் வாக்களிச்சது எண்ட பெயர். சபையில வாக்கெடுக்கிறது ரெண்டு விதம். குரல் வாக்கு எண்டால் “ஆம்”, “இல்லை” எண்டு கத்துவினம், சபாநாயகர் எந்தச் சத்தம் கூட எண்டு சொல்லுவார். பதிவில பெயர் ஒண்டும் விழாது. பெயர் கூவி, இல்லாட்டி இலத்திரனியல் முறையில எடுத்தால்தான் ஒவ்வொரு பெயரும் ஹன்சாட்டில, எண்டால் சபையின்ர அதிகாரபூர்வப் பதிவில, வரும். 2018 ஒக்டோபர் 26 ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமர் ரணிலை நீக்கி மகிந்த ராஜபக்சவை அந்த இடத்தில வைச்ச பிறகு, நவம்பர் 14 மகிந்தவுக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை குரல் வாக்கில நிறைவேறினது. ஒழுங்கு முறை இல்லை, பெயர் கூவி எடுங்கோ எண்டு சிறிசேன அதை ஏற்க மறுத்தார். 16ஆம் திகதி திரும்ப எடுக்கப் போக, மிளகாய்த் தூள் எறிஞ்சு, கதிரை எறிஞ்சு, சபாநாயகர் பொலிஸ் காவலோட உள்ள வர வேண்டி வந்தது. அண்டைக்கும் குரல் வாக்குத்தான். இதுக்கு முதலே சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைக்கவும் பாத்தவர், கடைசியில அப்பிடிக் கலைச்சது செல்லாது எண்டு டிசெம்பர் 13 உயர் நீதிமன்றத்தின்ர ஏழு நீதியரசர் ஒரே குரலில சொன்னவை. அந்த வழக்கில சம்பந்தன் ஐயா ஒரு மனுதாரர். சபையைக் காப்பாத்தினது சபை இல்லை, நீதிமன்றம்.

பிறகு 2022 யூலை 20. கோட்டாபய ராஜபக்ச நாட்டை விட்டுப் போய், மிச்சக் காலத்துக்கு ஜனாதிபதியை பாராளுமன்றமே தெரிவு செய்யுது. 1981ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டப்படி இரகசிய வாக்கு. செல்லுபடியான வாக்கு 219, அதில அரைவாசிக்கு மேல வேணும், எண்டால் 110. ரணிலுக்கு 134, டலஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுர குமார திசாநாயக்கவுக்கு 3. வெளியில நாடே கொதிச்சுக்கொண்டு நிக்குது. இந்த 134 பேர் ஆர் எண்டு சட்டப்படி ஒருத்தருக்கும் தெரியாது. குடிமக்களுக்கு இரகசிய வாக்கு பாதுகாப்பு. ஆனா பிரதிநிதி எங்களுக்காகப் போடுற வாக்கை எங்களுக்கே ஏன் மறைக்க வேணும்? அந்தச் சட்டத்தில முதல் திருத்த வேண்டியது இதைத்தான்.

பெயர் இருந்தா என்ன தெரியும் எண்டு கேப்பீங்கள். அரசியலமைப்புத் திருத்தங்களை வரிசையா வையுங்கோ. 2010இல 18ஆவது திருத்தம், ஜனாதிபதியின்ர அதிகாரத்தைக் கூட்டினது, 161க்கு 17. 2015இல 19ஆவது, அதைக் குறைச்சது, ஆதரவு 200க்கும் மேல, எதிர்த்தது ஒருத்தர். 2020 ஒக்டோபரில 20ஆவது, திரும்பக் கூட்டினது, 156க்கு 65, எதிரணியில இருந்து எட்டுப் பேர் சேர்ந்து கை தூக்கினவை. 2022 ஒக்டோபரில 21ஆவது, திரும்பக் குறைச்சது, 179க்கு 1. இந்த நாலு பட்டியலையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. ஒரே பெயர் ரெண்டு பக்கத்துக்கும் ஆதரவா நிக்கும். சனம் “225 பேரும்” எண்டு மொத்தமாக் கத்தினதுக்கு இதுவும் ஒரு காரணம்.

உண்மையில அக்கா, நீங்கள் கேட்டிருக்க வேணும் எண்டு நான் ஆசைப்படுற கேள்வி வேற. எங்களுக்கு, வடக்குக் கிழக்கில இருக்கிற ஆட்களுக்கு, மாகாண சபைத் தேர்தல் ஏன் நடக்கேல்லை? அதில ஒரு வாக்கெடுப்பு இருக்குது, முந்தியும் சொல்லியிருக்கிறன், திரும்பச் சொல்லுறன். 2017 செப்டெம்பரில ஒரு சட்டமூலம் வந்தது. பெண் வேட்பாளர் வீதத்துக்கான சட்டமூலம். குழு நிலையில, அதாவது சட்டமூலத்தைப் பிரிவு பிரிவாப் பாத்துத் திருத்துற கட்டத்தில, வாக்கெடுப்புக்குக் கொஞ்ச நேரத்துக்கு முதல், அதுக்குள்ள முழுத் தேர்தல் முறையையும் மாத்திற திருத்தங்களைச் செருகினவை. அப்ப இருந்த விதிப்படி ஒரு சட்டமூலம் ஒழுங்குப் பத்திரத்தில (சபையின்ர நிகழ்ச்சி நிரலில) ஏறி ஒரு கிழமைக்குள்ளதான் உயர் நீதிமன்றத்தில எதிர்க்க ஏலும். குழு நிலையில செருகினதுக்கு அந்தக் கிழமை எப்பவோ முடிஞ்சிருக்கும். சட்டமூலம் நிறைவேறினது எண்ட சான்றுரையில சபாநாயகர் கையெழுத்து வைச்சா, 80(3) உறுப்புரைப்படி எந்த நீதிமன்றத்திலயும் அந்தச் சட்டத்தைக் கேள்வி கேக்க ஏலாது.

பழைய முறை போச்சு. புது முறைக்கு எல்லை நிர்ணயம், எண்டால் தொகுதியளை எல்லை போட்டுப் பிரிக்கிறது, வேணும். அந்த அறிக்கை 2018 ஓகஸ்ட் 24 வாக்கெடுப்புக்கு வந்தது. எதிர்த்து 139. ஆதரவா ஒண்டும் இல்லை. சமர்ப்பிச்ச அமைச்சரே எதிர்த்து வாக்களிச்சார். சட்டப்படி பிரதமர் தலைமையில மீளாய்வுக் குழு ரெண்டு மாசத்தில அறிக்கை குடுக்க வேணும். குடுக்கேல்லை. பழைய சட்டமும் இல்லாம, புதுச் சட்டமும் முடியாம, 2013 செப்டெம்பரில தெரிவான வட மாகாண சபை 2018 ஒக்டோபரில கலைஞ்சு போனதோட ஆளுநர் கையில போனது. உங்கட கிழக்கு அதுக்கும் ஒரு வருஷம் முதல். இந்தத் தேர்தலைத் திருப்பி எடுக்க மூண்டில ரெண்டு பெரும்பான்மை தேவையில்லை. பழைய விகிதாசார முறையிலயே நடத்தலாம் எண்டு ஒரு சின்னத் திருத்தம், சாதாரண பெரும்பான்மை.

குழு நிலையில நடக்கிறதைப் பாருங்கோ எண்டு நான் கத்துறது இதுக்குத்தான். இணையத்தில போடுறதைக் கட்டுப்படுத்துற நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் அப்பிடித்தான். 2024 யனவரி 24, 108க்கு 62. உயர் நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் முழுக்கச் சேரேல்லை எண்டு எதிரணி சொல்லச் சொல்ல, சபாநாயகர் பெப்ரவரி 1 கையெழுத்து வைச்சார். அவருக்கு எதிரா வந்த நம்பிக்கையில்லாப் பிரேரணை மார்ச்சில 75க்கு 117 எண்டு தோத்தது. கையெழுத்து வைச்ச பிறகு கதை முடிஞ்சு போச்சு.

புதுச் சபை? 159 பேர் ஒரே அணி, தேசிய மக்கள் சக்தி. மூண்டில ரெண்டு 150. ஒருத்தரையும் தாவப் பண்ணாமலே அரசியலமைப்பை மாத்தலாம். முதல் சபாநாயகர் கலாநிதிப் பட்டம் பற்றின சர்ச்சையில மூண்டு கிழமையில விலகினார். அது நடந்தது நல்லது எண்டுதான் நினைக்கிறன், கேள்வி கேட்டா பதவி போகும் எண்டு ஒருக்கா எண்டாலும் கண்டம். ஆனா 99அ அப்பிடியே இருக்குது, 80(3) அப்பிடியே இருக்குது, 1981ஆம் ஆண்டுச் சட்டம் அப்பிடியே இருக்குது.

செய்யக் கூடியது இதுதான். பாராளுமன்ற இணையத்தளத்தில ஹன்சாட் திகதிப்படி கிடக்குது. வாக்கெடுப்பு நடந்த நாளை எடுத்து, அண்டைய பதிவின்ர கடைசிப் பக்கங்களுக்குப் போங்கோ, குழு நிலையும் மூண்டாம் வாசிப்பும் (சட்டமூலத்தின்ர கடைசிக் கட்டம்) பெரும்பாலும் அங்கதான் வரும். பெயர்ப் பட்டியல் இருந்தா உங்கட மாவட்டத்து ஆட்களைத் தேடுங்கோ. பட்டியல் இல்லாட்டி அது குரல் வாக்கு, அப்ப ஏன் பெயர் கூவி வாக்கெடுப்புக் கேக்கேல்லை எண்டு எழுதிக் கேளுங்கோ. மட்டக்களப்புக்கு அஞ்சு ஆசனம் அக்கா. மாகாண சபைத் திருத்தம் ஒழுங்குப் பத்திரத்தில ஏறுற அண்டைக்கே அந்த அஞ்சு பேருக்கும் அஞ்சு கடிதம் போகட்டும். பதிவுத் தபாலில போடுங்கோ, துண்டை வைச்சிருங்கோ. பதில் வந்தாலும் வராட்டியும் எனக்கு எழுதுங்கோ, அடுத்த காணொளியில அந்தத் துண்டில இருந்தே தொடங்குவம்.